ஏற்காட்டு டீக்கடை அக்காவுக்கு

போன மார்கழியில் லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கம் உட்கார்ந்து வாட்டர்கலரில் மலையை வரைந்துகொண்டிருந்தேன். நாலு மாதமாக ஒரு படமும் தேறவில்லை. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததில் வயிற்றைக் கலக்கியதுதான் மிச்சம். பனிமூட்டத்தில் பேப்பர் காயவே மாட்டேன் என்றது. கிழிக்கப் போனபோதுதான் குரல் கொடுத்தீர்கள்: “இங்க கொண்டாங்க தம்பி, அடுப்போரம் காட்டலாம்.”

காட்டினீர்கள், காய்ந்தது. ஓரம் கொஞ்சம் சுருண்டது, பரவாயில்லை. அப்புறம் படத்தைப் பார்த்து, “தூரத்து மலை இவ்ளோ பச்சையாவா இருக்குது?” என்றீர்கள். நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்துச் சில்வர் ஓக் மரம் மட்டும்தான் பச்சை. அடுத்த மலை நீலம், அதற்கும் அடுத்தது வெறும் சாம்பல். இடையில் இருக்கும் காற்றும் ஈரமும் ஒளியைச் சிதறடிப்பதால் அப்படித் தெரியும் என்று படித்திருக்கிறேன். ஆனாலும் மூன்று வருடமாக மலை என்றாலே பச்சையைத்தான் அப்பிக்கொண்டிருந்தேன்!

இப்போது மாதம் ஒரு ஞாயிறு சேலத்திலிருந்து மேலே வந்துவிடுகிறேன். நான் வரும்போதெல்லாம் உங்கள் கடை பூட்டியிருக்கிறது. பேர் கேட்க மறந்துவிட்டேன், டீக்காசும் நீங்கள் வாங்கவில்லை. ரொம்ப நன்றி அக்கா. ஓரம் சுருண்ட அந்தப் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.