நாடகக் கலைஞர்கள் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, மூத்த கலைஞர்களே, ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பங்குனி, சித்திரைத் திருவிழாக்களில் நம் உறுப்பினர்கள் நம் ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி முதல் மூக்கையூர் வரை மேடையேறினார்கள். 'வள்ளி திருமணம்'தான் இந்த ஆண்டும் அதிகம் கேட்கப்பட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் ஆட்கள் கரையில் இருப்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் கையில் காசு புழங்காத காலமும் அதுதான். பேசிய தொகை முழுதாக வந்து சேரத் தாமதமாகிறது. இதற்கு ஒரு வழி பார்க்க வேண்டும்.

இந்த ஆண்டு நாம் செய்ததில் என் மனசுக்கு நிறைவான காரியம், பிப்ரவரி 20 அன்று நடிகை எஸ்.என்.லட்சுமி அம்மாவுக்கு நடத்திய நினைவுக் கூட்டம். அவர் காலமானது 2012-ல். இத்தனை வருஷம் கழித்து எதற்கு, அதுவும் நம் ஊரில் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அவருக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம் சென்னல்குடி. 1985-ல் மாவட்டத்தைப் பிரிக்கும் வரை விருதுநகரும் சிவகங்கையும் ராமநாதபுரம் மாவட்டம்தானே! அவர் பிறந்தது நம் மாவட்டத்தில். உரிமையோடுதான் கூட்டம் போட்டோம்.

மேடைக்குப் பின்னால் அவருடைய படத்தை மாட்டிக்கொண்டிருந்தபோது, கடலில் பாசி எடுத்துவிட்டுத் திரும்பிய பெண்கள் சிலர் வாசலில் நின்று பார்த்தார்கள். பாறை கீறாமலிருக்க விரலில் சுற்றிய துணியைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. பெயர் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் ஒரு அக்கா பார்த்ததுமே, "இவுக சரவணன் மீனாட்சி பாட்டில்ல!" என்றார். அப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்தத் தொடர் விஜய் டிவியில் தொடங்கியது 2011 கடைசியில். அடுத்த பிப்ரவரியிலேயே அவர் போய்விட்டார். ஆக, சில மாதம்தான் அந்தப் பாட்டி வேடம். கதாநாயகியும் இல்லை, கதை அவரைச் சுற்றியும் ஓடவில்லை. அப்படியிருந்தும் முகம் மறக்கவில்லை என்றால், அதற்குப் பின்னால் மேடையில் கழித்த ஒரு ஆயுள் இருக்கிறது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள், இருநூறு படங்கள் என்று அவர் மறைந்தபோது பத்திரிகைகள் எழுதின.

கூட்டத்தில் சினிமாவைப் பற்றியும் பேசினோம். 1964-ல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷுக்கு அம்மா. அப்போது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. நாகேஷைவிடச் சில வயதுதான் மூத்தவர். நாடகத்திலிருந்து போகும் பெண்களுக்குச் சீக்கிரமே நரை வைத்துவிடுவது அன்றைய வழக்கம். அதை ஏற்று, அந்த நரையிலேயே அரை நூற்றாண்டு நின்று காட்டினார். 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் கண் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாகத் திருடுகிற பாட்டியும் அவர்தான், 'விருமாண்டி'யின் பாட்டியும் அவர்தான்.

நம் சங்கத்தின் மூத்த ஸ்திரீபார்ட் (நாயகி வேடக்காரர்) அம்மா அன்று பேசவில்லை, செய்து காட்டினார். 'வள்ளி திருமண'த்தில் வள்ளியும் வேலனும் தர்க்கம் பண்ணும்போது பக்கத்தில் நிற்கும் தோழி என்ன செய்ய வேண்டும்? எதிரில் இரண்டு பிள்ளைகளைப் பேசவிட்டு, தான் சும்மா நின்றார். தலையைத் திருப்பவில்லை. பேசுகிறவரின் முகத்தைப் பார்த்தபடியே முந்தானை நுனியை மட்டும் விரலால் நீவிக்கொண்டிருந்தார். கூட்டம் பேசுகிறவர்களை விட்டுவிட்டு அவரையே பார்த்தது. "நமக்கு வசனம் இல்லாதப்பவும் நாம மேடையிலதான் இருக்கோம். லட்சுமி அக்கா டிவியில செஞ்சதும் இதத்தான்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். துணை வேடம் என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை நான் பார்த்ததில்லை.

இதையொட்டி ஒரு முக்கியமான விஷயம். நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகைக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்திடம் விண்ணப்பிக்க நம் வயதான பெண் உறுப்பினர்களுக்கு உதவி வருகிறோம். கலைஞர் என்று காட்ட ஏதாவது ஆதாரம் வேண்டும் என்று பழைய நாடக நோட்டீஸ்களைத் தேடினோம். நாயகனாக நடிக்கும் ராஜபார்ட் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் இருக்கிறது. தோழிக்கும் தாய் வேடத்துக்கும் வந்தால் 'மற்றும் பலர்'. விடிய விடிய கண்விழித்து நடித்தவர், அந்த இரவு அங்கே இருந்ததற்குச் சாட்சி ஒரு துண்டுத்தாளில்கூட இல்லை. இது அநியாயம். யார் முறையாகப் பேர் போட்டிருந்தாலும் அவர்களுடைய விண்ணப்பம் இன்று சுலபமாகப் போயிருக்கும்.

ஆகவே பேரவை முன் இதை வைக்கிறேன். இனி நம் சங்கத்தார் நடிக்கும் எந்த நாடகத்தின் நோட்டீசிலும் 'மற்றும் பலர்' இருக்கக் கூடாது. கடைசித் தோழி வரைக்கும் பெயர் வர வேண்டும். அச்சுக்குக் கொடுக்குமுன் விழாக் கமிட்டியிடம் நம் ஆட்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள், அதனால் செலவு ஒன்றும் அதிகமாகாது. வீட்டுப் பரணில், பெட்டியடியில் பழைய நோட்டீசோ மேடைப் போட்டோவோ கிடந்தால் சித்திரைக்குள் என்னிடம் சேர்ப்பியுங்கள். நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவேன்.

இவ்வறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்