'நார்மல்' என்று எழுதிய அந்த ஒரு தாள்

வடசென்னையில் குழந்தையின்மைக்குச் சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். மணலியில் ஓர் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் கெமிஸ்ட் வேலை. கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. சிகிச்சைக்காக வைத்திருக்கும் என் மனைவியின் ஃபைல் இரண்டு விரல் தடிமன் இருக்கும். அதில் என்னைப் பற்றி இருப்பது ஒரே ஒரு தாள், என் விந்துப் பரிசோதனை முடிவு. அடியில் 'நார்மல்' என்று எழுதியிருக்கிறது.

அந்தத் தாள் வந்த பிறகு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளுக்குக் கருக்குழாயில் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறக்கூட முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மாதாமாதம் ஸ்கேன், ஊசி, விந்தைக் கருப்பைக்குள் நேரடியாகச் செலுத்தும் ஐ.யு.ஐ. மூன்று முறை. "இன்னும் விசேஷம் இல்லையா" என்று உறவுக்காரர்கள் கேட்பதும் அவளிடம்தான். "பையனுக்கு எல்லாம் நார்மலாம்" என்று என் அம்மாவே பக்கத்து வீட்டில் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. அது இன்றுவரை உறுத்துகிறது.

அந்த 'நார்மல்' எதைக் குறிக்கிறது என்று தேடிப் படித்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள், 42 சதவீத அசைவு, 4 சதவீதம் சரியான வடிவம் என்று கீழ் எல்லை போட்டிருக்கிறார்கள். ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களில் அடிமட்ட 5 சதவீதத்தைப் பிரிக்கும் கோடு அது. அதைத் தாண்டிவிட்டால் ஆணிடம் குறையே இல்லை என்று அந்தக் கையேடு சொல்லவில்லை.

எங்கள் கூடத்துக்கு ஒரு டேங்கர் வந்தால் நிறமும் அடர்த்தியும் மட்டும் பார்த்து உள்ளே விடமாட்டோம். அந்தச் சரக்கு எப்படித் தயாரானது என்ற பேட்ச் பதிவேட்டையும் கேட்போம். விந்தணுவுக்கும் அப்படி ஒரு பதிவேடு இருக்கிறது என்று படித்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. முதிர்ந்த விந்தணுவில் டி.என்.ஏ. இறுகக் கட்டப்பட்டிருப்பதால் அதிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறு புதிதாக உருவாவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆகவே அதற்குள் இருக்கும் ஆர்.என்.ஏ.வில் ஒரு பங்கு அது விரையில் உருவான நாட்களின் மிச்சம். இன்னொரு பங்கு, விரையை ஒட்டிச் சுருண்டு கிடக்கும் குழாயில் முதிரும்போது வந்து சேர்வது. வெகுகாலம் இதைக் கழிவு என்றே ஒதுக்கினார்கள். அது கருமுட்டைக்குள்ளும் போய்ச் சேர்கிறது என்று 2004-ல் அமெரிக்காவில் ஸ்டீபன் கிராவெட்ஸ் என்ற ஆய்வாளரின் குழு காட்டியது.

2015-ல் அந்தக் குழுவிடமிருந்து வந்த ஆய்வை நீங்கள் படித்திருக்கலாம். காரணம் தெரியாத குழந்தையின்மை உள்ள தம்பதிகளை எடுத்துக்கொண்டு, விந்தணுவில் 648 ஆர்.என்.ஏ. கூறுகள் இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். ஏறக்குறைய 30 சதவீதம் பேரிடம் அந்தத் தொகுப்பு முழுதாக இல்லை. அப்படிக் குறைந்தவர்களுக்கு, நாள் பார்த்துச் சேர்வதாலோ ஐ.யு.ஐ.யாலோ குழந்தை பிறக்கும் வாய்ப்பு 73-லிருந்து 27 சதவீதத்துக்கு இறங்கியது. கருவை உடலுக்கு வெளியே உருவாக்கும் ஐ.வி.எஃப்., ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்ஸி ஆகியவற்றைச் செய்துகொண்டவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. மூன்று ஐ.யு.ஐ. தோற்ற வீட்டில் உட்கார்ந்து இதைப் படிப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இந்தப் பரிசோதனையை நாளைக்கே கொண்டுவாருங்கள் என்று கேட்கவில்லை. அது இன்னும் ஆய்வுக்கூடத்து விஷயம். பணம் பிடுங்கும் இன்னொரு பேக்கேஜாக அது இங்கே வந்துவிடவும் கூடாது. எண்ணிக்கையும் அசைவும் காட்டாத ஒன்று ஆணின் பக்கம் இருக்க முடியும் என்பதைத் தம்பதியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கூடவே கணவனிடம் அவன் வேலையைப் பற்றிக் கேளுங்கள். விரை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஆண்களோ பட்டறை உலை முன்னால் நிற்கிறார்கள், வெல்டிங் செய்கிறார்கள், துறைமுகத்துக்குள் போக எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிக்குள் மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். புகையிலை, தூக்கம், சர்க்கரை பற்றியும் கேளுங்கள். 2019-ல் ஸ்வீடனில் 15 ஆரோக்கியமான இளைஞர்களின் சாப்பாட்டை இரண்டு வாரம் மாற்றி, இரண்டாம் வாரம் இனிப்பை நிறையக் கூட்டினார்கள். அதற்குள்ளேயே விந்தணுவின் சிறு ஆர்.என்.ஏ.க்கள் மாறின. ஒரு ஷிஃப்டில் ஆறு டீ குடிக்கும் என்னிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகிறது. மனைவிக்கு அடுத்த ஊசி எழுதுவதற்கு முன் அந்த இரண்டரை மாதத்தைக் கணவனிடமும் கேட்டிருக்கலாம் அல்லவா?

மாதிரி கொடுக்கும் இடத்தையும் கொஞ்சம் பாருங்கள். நான் கொடுத்தது தாழ்ப்பாள் இல்லாத கழிவறையில். வெளியே இருவர் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். இரண்டாம் முறை மாதிரி கேட்டிருந்தால் நானே போயிருக்க மாட்டேன். எத்தனையோ ஆண்கள் அங்கேயே நின்றுபோவது இதனால்தான்.

வரும் மாதம் மறுபடி வருகிறோம். டோக்கன் கூப்பிடும்போது அவள் பெயரோடு என் பெயரையும் சேர்த்துக் கூப்பிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு கணவன்