தாரந்தெல்லாவில் மூச்சு விட ஓர் இடம்

அன்பு மகளுக்கு,

இத்தாலிய ஆட்டங்களை வைத்து நீ எழுதி, பாலெர்மோவிலிருந்து அனுப்பிய இசைத்தாள்கள் கிடைத்தன. மூன்று நாளாக மேசையில் விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் ஊதும் ஓபோக் குழல் இரண்டு, அதைவிடத் தாழ்ந்த குரலில் பேசும் அதன் உறவான இங்கிலீஷ் ஹார்ன் ஒன்று என்று பார்த்ததுமே மனம் நிறைந்தது. இதே மூன்று கருவிகளுக்கு பீத்தோவன் எழுதிய ட்ரையோவைத்தான், ஸ்டூடியோவில் ரெக்கார்டிங் வேலை இல்லாத நாட்களில் நானும் நண்பர்களும் வாசித்துப் பழகினோம்.

மெதுவான ஆட்டமான சிசிலியானாவில் கை வைக்காதே. இங்கிலீஷ் ஹார்ன் கீழே ஒரே சுரத்தைப் பிடித்திருக்க, மேலே ஓபோ மெதுவாகப் பாடுகிறது. கிறிஸ்துமஸ் சமயத்தில் மலையிலிருந்து இறங்கி வந்து ஸம்போன்யா என்ற பைக்குழலும் சியாரமெல்லா என்ற ஊதுகுழலும் வாசிக்கும் இத்தாலிய இடையர்கள் அப்படியே தெரிகிறார்கள். சியாரமெல்லாவும் ஓபோ போல இரட்டை நாணல் வைத்து ஊதுவதுதானே. நம் நாகஸ்வரச் சீவாளியும் அந்த வகைதான். அதனால் இந்த ஆட்டங்களை ஓபோவுக்கு எழுதியது எனக்கு ரொம்பப் பொருத்தமாகப் படுகிறது.

வேகமான ஆட்டமான தாரந்தெல்லாதான் கவலை. முதல் ஓபோவுக்கு 48 பார் (தாளக் கட்டம்), நடுவில் ஓர் ஓய்வுகூட இல்லை. ஓபோக்காரருக்குக் காற்று போதாமல் போவதில்லை அம்மா, மிஞ்சிப் போவதுதான் கஷ்டம். ஊதும் ரீடின் (நாணலின்) வாய் அவ்வளவு சிறியது. உள்ளே தங்கிவிட்ட பழைய காற்றை வெளியே விட்ட பிறகுதான் புதிதாக இழுக்க முடியும். அதற்கு நேரம் வேண்டும். ஒரு முறை வயலினுக்கு எழுதிய ஓட்டத்தை அப்படியே எனக்குக் கொடுத்தார்கள். ஆறாவது டேக்கில் கண் இருட்டிவிட்டது. உன் இசையை வாசிக்கப்போகிறவருக்கு அந்த நிலை வரக் கூடாது.

ஆனால் வேகத்தைக் குறைக்காதே. தெற்கு இத்தாலியின் சலெந்தோ பக்கத்தில் சிலந்தி கடித்ததாகச் சொல்லப்பட்டவர்களை, விஷம் இறங்கும்வரை கஞ்சிரா போன்ற தம்புரெல்லோவும் வயலினும் வாசித்து ஆட வைத்தார்களே, அந்த ஆட்டத்தில் நிறுத்தம் ஏது? ஆட்டம் நிற்காமலே ஆள் மட்டும் மாறட்டும். முதல் ஓபோவின் கடைசிச் சுரத்திலேயே இரண்டாவது ஓபோ மெட்டை வாங்கிக்கொள்ளட்டும், அவரிடமிருந்து இங்கிலீஷ் ஹார்ன் வாங்கட்டும். கேட்பவருக்கு இடைவெளியே தெரியாது.

அப்புறம், எல்லாச் சுரத்தையும் தனித்தனியாக நாக்கால் தட்டச் சொல்லியிருக்கிறாய். புல்லாங்குழல்காரர் நாக்கின் நுனியாலும் பின்புறத்தாலும் மாறி மாறித் தட்டும் இரட்டை நாக்கில் எளிதாக ஓடிவிடுவார். வாய்க்குள் ரீடை வைத்துக்கொண்டு அது எல்லாருக்கும் வராது. இரண்டு சுரத்தைச் சேர்த்து ஊதி, அடுத்த ஒன்றை மட்டும் நாக்கால் தட்டினால் துள்ளலும் கூடும்.

முடிவில் ஓபோவின் ஆக அடிச் சுரமான பி ஃப்ளாட்டை மிக மெல்லக் கேட்கிறாய். அங்கே ஓபோ முரட்டுத்தனமாகத்தான் பேசும். அதை இங்கிலீஷ் ஹார்னுக்குக் கொடு. அதற்கு அது சிரமமில்லாத இடம், மெல்ல வாசிக்கலாம்.

திருத்தியதும் அனுப்பு. பழைய ரீடு ஒன்றைத் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறேன். முதல் ஓபோ பகுதியை நானே வாசித்துப் பார்த்து, மூச்சு விடும் இடங்களில் பென்சிலால் கமா போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா