கடைசி ஏற்றத்துக்கு முன்பே: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். 2022-ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயத்தின் பதினோராவது கட்டத்தை, அதாவது ஒரு நாள் ஓட்டத்தை, தொகுப்புக் காட்சியாகப் பார்த்துவிட்டு நீங்கள் எழுதியிருந்தீர்கள். கடைசி நாலரை கிலோமீட்டரில் யோனாஸ் விங்கெகோர் பாய்ந்தார், தாடே போகச்சாரால் ஈடுகொடுக்க முடியவில்லை, நடந்தது அவ்வளவுதானே, இதற்கு ஏன் நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருப்பதால், பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். அந்தப் பாய்ச்சல் நடந்த இடம் கோல் டு கிரானோன் என்ற மலைக்கணவாய் என்பது உண்மை. ஆனால் போகச்சார் தோற்ற இடம் அதுவல்ல என்பதே என் கட்சி. அதை உங்களுக்குக் காட்டிவிட முடியும் என்று நம்புகிறேன்.

அன்று காலை நிலவரம் இது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பட்டம் வென்ற போகச்சார், ஆறாவது கட்டத்திலிருந்து மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவருக்கு உரிய மஞ்சள் ஜெர்சியை அணிந்திருந்தார். விங்கெகோர் அவருக்கு 39 நொடிகள் பின்னால் இருந்தார். விங்கெகோரின் அணியிலேயே இன்னொரு தலைவரான பிரிமோஷ் ரோக்லிச், ஐந்தாவது கட்டத்தின் கல் பாவிய சாலைகளில் விழுந்து தோள்மூட்டு விலகியதால், ஏறத்தாழ மூன்று நிமிடம் பின்தங்கியிருந்தார். ஆல்பர்வில் நகரில் புறப்பட்டு 151.7 கிலோமீட்டர். மோன்வெர்னியேயின் நெருக்கமான கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தபின் டெலகிராஃப் கணவாய், உடனேயே 2,642 மீட்டர் உயரமுள்ள காலிபியே, பிறகு நீண்ட இறக்கம், முடிவில் 2,413 மீட்டர் உயரத்தில் கிரானோன். இந்த கிரானோனில் அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் டூரின் கட்டம் முடிந்திருக்கிறது. அது 1986-இல். அன்று கிரெக் லெமாண்ட், தம் அணித் தோழரான பெர்னார் இனோவிடமிருந்து மஞ்சள் ஜெர்சியைப் பெற்றார்.

மலைக்கட்டத்தைப் பார்ப்பதற்கு முன் ஓர் இயற்பியல் செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். சமவெளியில் வீரரின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. ஆகவே முன்னே செல்பவரின் சக்கரத்தை ஒட்டி ஓட்டுகிறவர் மிகுந்த ஆற்றலை மிச்சப்படுத்துகிறார். செங்குத்தான ஏற்றத்தில் வேகம் குறைந்துவிடுவதால் அந்தப் பாதுகாப்பின் மதிப்பும் குறைந்து, புவியீர்ப்பே முதன்மையான எதிரியாகிறது. உடல் எடைக்கு எத்தனை வாட் ஆற்றலை எவ்வளவு நேரம் தர முடியும் என்பதுதான் அங்கே கணக்கு. இதைக் கேள்விப்பட்டவர்கள் பலர், அப்படியானால் மலையில், தலைவருக்காக உழைக்கும் துணைவீரர்களுக்கு வேலையில்லை, தலைவர்கள் தனியே மோதிக்கொள்வார்கள் என்று எண்ணி, கடைசி ஏற்றம் வரும்போது தொலைக்காட்சியைப் போடுகிறார்கள். துணைவீரர்களின் வேலை பெரும்பாலும் அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் நடந்து முடிந்திருக்கும். நீங்கள் பார்த்த தொகுப்பில் விடுபட்டதும் அந்த இரண்டு மணி நேரம்தான்.

டெலகிராஃப் 11.9 கிலோமீட்டர், சராசரிச் சரிவு 7.1 சதவீதம். முடிவுக்கோடு இன்னும் அறுபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும்போதே, விங்கெகோரின் யும்போ-விஸ்மா அணி அங்கே வேகத்தைக் கூட்டியது. உச்சியை நெருங்கியபோது ரோக்லிச் பாய்ந்தார். மறுபுறம் வல்வார் ஊரை நோக்கி இறங்கும்போது, முதன்மைப் போட்டியாளர்கள் இருந்த கூட்டம் உதிர்ந்து, போகச்சார், விங்கெகோர், ரோக்லிச், வேறோர் அணியின் ஜெரெய்ன்ட் தாமஸ் என நால்வர் மட்டுமே மிஞ்சியிருந்தனர். மஞ்சள் ஜெர்சிக்காரருக்கு அருகில் அவர் அணியைச் சேர்ந்தவர் ஒருவர்கூட இல்லை. அவருடைய அணியிலிருந்து இருவர் கொரோனா தொற்றால் ஏற்கெனவே பந்தயத்தை விட்டு வெளியேறியிருந்ததையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும்.

காலிபியேயின் கீழ்ப்பகுதியில் நடந்ததை நீங்கள் முழுமையாகப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். ரோக்லிச் எழுந்து மிதித்து விலகுகிறார். போகச்சார் இருக்கையிலிருந்து எழுந்து விரட்டி அவருடைய சக்கரத்தைப் பிடிக்கிறார். பிடித்து, மூச்சை இழுத்து, மீண்டும் உட்காரும் நேரத்தில் விங்கெகோர் மறுபக்கத்திலிருந்து பாய்கிறார். போகச்சார் மறுபடியும் எழுகிறார். அவரைப் பிடித்ததும் திரும்பவும் ரோக்லிச். தாக்குகிறவர்கள் இருவரும் முறைவைத்து இளைப்பாறிக்கொள்ள முடிகிறது. தடுக்கிறவருக்கு அந்த வசதி இல்லை. வெளியே பார்த்தால் போகச்சார் எல்லாவற்றுக்கும் எளிதாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். போதாததற்கு, மேலே போகப்போக அவரே வேகத்தைக் கூட்டி, விங்கெகோரைத் தவிர மற்ற எல்லோரையும் உதறினார். அந்த நேரத்தில் யாரைக் கேட்டிருந்தாலும், அன்று மலையில் இருந்தவர்களில் வலிமையானவர் போகச்சார் என்றே சொல்லியிருப்பார்கள்.

இங்கேதான் உடலின் கணக்கு வேறாக இருக்கிறது. ஒரு வீரர் நெடுநேரம் தாங்கக்கூடிய வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு மேல் செலவிடுவதற்கு உடலில் சிறிய சேமிப்புதான் இருக்கிறது. ஒவ்வொரு விரட்டலும் அதிலிருந்து எடுக்கப்படுகிறது. எல்லைக்குக் கீழே சிறிது நேரம் ஓட்டினால் அந்தச் சேமிப்பு மெல்லத் திரும்புகிறது. ஆனால் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் பிராணவாயு குறைவாகக் கிடைப்பதால் எல்லையே கீழிறங்கிவிடுகிறது. மலை கறையானைப் போல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளிருந்து தின்றுகொண்டிருக்கும்போது, முகத்தில் அதன் அடையாளம் உடனே தெரிவதில்லை. கூடவே, கடும் உழைப்பின்போது எடுத்துக்கொள்ளும் மாவுச்சத்தைவிடச் செலவாகும் மாவுச்சத்து மிக அதிகம். ஒருவர் தொடர்ந்து தாக்குதலுக்கு ஆளாகும்போது, மாவுச்சத்து ஜெல் பொட்டலத்தைக் கிழித்து உண்பதற்குக்கூட அமைதியான ஒரு நிமிடம் வாய்ப்பதில்லை.

போகச்சார் ரோக்லிச்சைப் போகவிட்டிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. மூன்று நிமிடம் பின்தங்கியிருந்த ஒருவர், உச்சிக்கு முன்னும் அதற்கு அப்பால் 45 கிலோமீட்டரும் தனியே ஓட்டி அத்தனையையும் ஈட்டிவிடுவது மிகக் கடினம். ஆனால் இந்த முடிவை ஓர் அறையில் அமர்ந்து எடுப்பது எளிது. எதிரே செல்பவர் நான்கு நொடியில் பத்து மீட்டர் விலகிவிடும் இடத்தில், அருகில் கலந்துபேச அணித் தோழரும் இல்லாமல், அடுத்தடுத்து எடுப்பது கடினம். அந்த முடிவை அவர் எடுக்க முடியாதபடி செய்ததுதான் அந்தத் திட்டத்தின் திறமை.

காலிபியேயிலிருந்து லோத்தாரே கணவாய் வழியாக பிரியான்சோன் நோக்கி இறங்கும் பள்ளத்தாக்கைத் தொகுப்பாளர்கள் எப்போதும் வெட்டிவிடுவார்கள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் காலையில் முன்னே பிரிந்து சென்ற குழுவில் யும்போ அணி ஏன் வூட் வான் ஆர்ட்டை அனுப்பியது என்பதற்கு விடை அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. எண்பது கிலோவை நெருங்கும் எடையுள்ள அவர் கடைசி ஏற்றத்தில் விங்கெகோருடன் ஏறப்போவதில்லை. காற்று மீண்டும் எதிரியாகும் அந்தச் சமதள நீளத்தில் அவரைப் போன்ற ஒருவரின் முதுகுக்குப் பின்னால் இருப்பது பெரும் வரம். ஆகவே முன்கூட்டியே மலையின் மறுபுறத்துக்கு ஆளை அனுப்பிவைத்து, தேவைப்படும்போது அவரைக் காத்திருக்கச் சொல்லித் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். 2011-இல் ஆண்டி ஷ்லெக் இஸ்வார் கணவாயில், முடிவுக்கோட்டுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் முன்னே பாய்ந்து காலிபியேயின் உச்சியில் வென்றபோதும், யூஸ்ட் போஸ்துமா, மாக்சிம் மோன்ஃபோர் என்ற இரு தோழர்கள் அவருக்காக முன்குழுவில் காத்திருந்தனர். எனவே காலையில் யார் பிரிந்து சென்றார்கள் என்ற பட்டியலைப் பார்க்கும்போது, யார் வெல்வார் என்று மட்டும் பார்க்காதீர்கள். பட்டத்துக்குப் போட்டியிடும் அணிகளிலிருந்து யார் அங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். மாலையில் நடக்கவிருப்பதைப் பெரும்பாலும் அதிலேயே ஊகிக்கலாம்.

இனி நீங்கள் பார்த்த பகுதிக்கு வருகிறேன். கிரானோன் 11.3 கிலோமீட்டர், சராசரி 9.2 சதவீதம், ஒடுங்கிய சாலை, இளைப்பாற இடம் தராத ஏற்றம். முன்னே வாரன் பார்கில் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். பின்னால், இதற்குள் மீண்டும் வந்து சேர்ந்திருந்த அணித் தோழர் ரஃபாவ் மைகா போகச்சாருக்காக வேகம் அமைத்துக்கொடுத்தார். விங்கெகோர் பாய்ந்த அந்தக் கணத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். காலிபியேயில் ஒவ்வொரு முறையும் உடனே எழுந்த அதே மனிதர் இங்கே எழவே இல்லை. மஞ்சள் ஜெர்சியின் ஜிப் திறந்து இரு பக்கமும் படபடக்கிறது, தோள்கள் ஆடுகின்றன, இரண்டு சக்கரங்களுக்கு இடையே திறந்த இடைவெளி சில மிதிகளில் சாலையின் ஒரு வளைவாகிவிடுகிறது. பிறகு, தம் சொந்த வேகத்தை விட்டுக்கொடுக்காமல் ஏறிவந்த ஜெரெய்ன்ட் தாமஸும் டேவிட் கோடூவும் அவரைத் தாண்டிப் போகிறார்கள்.

அவர் ஏழாவதாக முடித்தார். இழந்தது 2 நிமிடம் 51 நொடி. ஏறத்தாழ முழுவதும் அந்த நாலரை கிலோமீட்டரில் இழந்தது, அதாவது கிலோமீட்டருக்குச் சுமார் 38 நொடி. ஏறக்குறைய சம வலிமையுள்ள இருவருக்கு இடையே, அதுவும் காலிபியேயின் மேற்பகுதியில் ஒன்றாக ஏறிய இருவருக்கு இடையே, வலிமை வேறுபாட்டால் மட்டும் இவ்வளவு பெரிய இடைவெளி விழாது. மறுநாளே ஆல்ப் துவேஸ் மலையில் போகச்சார் விங்கெகோரைத் தாக்கினார். இருவரும் ஒரே நேரத்தில் முடித்தார்கள். அடுத்த வாரம் பெய்ராகூடில் அவரை முந்தி வென்றும் காட்டினார். ஆகவே கிரானோனில் நாம் கண்டது வலிமை குறைந்த ஒருவரை அல்ல, முன்பே செலவழிக்க வைக்கப்பட்ட ஒருவரை. மஞ்சள் ஜெர்சி கைமாறிய இடத்தைத்தான் தொகுப்பு உங்களுக்குக் காட்டியது.

முழுக் கட்டத்தையும் பார்க்க முடிவு செய்தால் உதவக்கூடிய சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டத்தின் ஏற்ற இறக்கங்களைக் காட்டும் குறுக்குவெட்டுப் படத்தை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சராசரிச் சரிவை முழுதாக நம்ப வேண்டாம். வல்வாரிலிருந்து காலிபியே 17.7 கிலோமீட்டர், சராசரி 6.9 சதவீதம் என்று எழுதியிருக்கும். மென்மையான தொடக்கம் அந்தச் சராசரியைக் குறைத்துக் காட்டுகிறது. பிளான் லாஷா என்ற இடத்தைத் தாண்டிய கடைசி எட்டு கிலோமீட்டர்தான் உண்மையான காலிபியே. திரையில் முன்னே செல்பவரை மட்டும் பார்க்காமல், குழுவின் கடைசி மூன்று பேரைப் பாருங்கள். யார் அடுத்து உதிரப்போகிறார் என்பது அங்கேதான் முதலில் தெரியும். திரை மூலையில் வரும் நேர இடைவெளியை ஒரு தடவை பார்த்து எதுவும் முடிவு செய்ய வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அது எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.

வெற்றியாளர் கோட்டைத் தாண்டியதும் தொலைக்காட்சியை அணைத்துவிடாதீர்கள். வெற்றியாளரின் நேரத்தோடு குறிப்பிட்ட சதவீதத்தைச் சேர்த்து அன்றைய நேர வரம்பு கணக்கிடப்படுகிறது. அதற்குள் வராதவர் மறுநாள் புறப்பட முடியாது. சமவெளிகளில் அதிவேகமாகப் பாயும் கனமான உடல்காரர்களுக்கு மலைக்கட்டத்தின் பந்தயமே அதுதான். அவர்கள் பின்னால் ஒரு கூட்டமாகச் சேர்ந்து, இறக்கங்களில் துணிந்து, ஏற்றங்களில் கணக்காக மிதித்து வருகிறார்கள். அதே 2022-இல், மேலே சொன்ன பெய்ராகூட் கட்டத்தில், இரண்டாவது கட்டத்தை வென்ற ஃபாபியோ யாகோப்சன் தனியாகப் பின்தங்கிவிட்டார். 2020-இல் போலந்துப் பந்தயத்தில் பயங்கரமாக விழுந்து, செயற்கை மயக்கத்தில் வைக்கப்பட்டு மீண்டவர் அவர். பெய்ராகூடின் முடிவு ஒரு சிறிய மலை விமானத் தளத்தின் ஓடுபாதை. அங்கே சரிவு 16 சதவீதம் வரை ஏறுகிறது. போகச்சார் வென்று வெகுநேரமான பின், ஏற்கெனவே முடித்துவிட்ட யாகோப்சனின் அணித் தோழர்கள் கோட்டுக்கு அப்பால் நின்று கத்திக்கொண்டிருக்க, அவர் அந்த ஓடுபாதையில் மிதித்து ஏறி, வரம்பு முடியச் சில நொடிகளே மீதமிருக்கும்போது கோட்டைத் தாண்டினார். அன்றைய ஒளிபரப்பில் நான் மிகவும் போற்றும் பகுதி அதுதான். வெற்றியாளரோடு காட்சியை நிறுத்தியவர்கள் எவரும் அதைப் பார்க்கவில்லை.

அடுத்த மலைக்கட்டத்துக்கான குறுக்குவெட்டுப் படத்தைத் தனியே அனுப்பி வைக்கிறேன். கடைசி ஏற்றத்துக்கு முந்தைய ஏற்றத்தின் அடிவாரத்திலிருந்து பார்க்கத் தொடங்கினால் போதும்.

அன்புடன்,
தங்கள் தம்பி