போட்டிக்கு எந்த டிஸ்க் என்று முன்னாடியே சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஃபிரிஸ்பீ போன்ற தட்டை (டிஸ்க்) எறிந்து இரண்டு அணிகள் ஆடும் அல்டிமேட் பற்றி விளையாட்டுப் பக்கங்களில் எப்போதாவதுதான் செய்தி வருகிறது, வந்தாலும் யார் ஜெயித்தார்கள், எத்தனைக்கு எத்தனை என்பதோடு முடிந்துவிடுகிறது. ஆடுகிறவர்களுக்கு இருக்கும் ஒரு தொல்லையைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். சரி, நாமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

பயிற்சியில் ஒரு கம்பெனி டிஸ்க், போட்டியில் வேறு கம்பெனி டிஸ்க். இதுதான் விஷயம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே வெள்ளைத் தட்டுதான். டிஸ்கிராஃப்ட் அல்ட்ரா ஸ்டார், யூரோடிஸ்க், ஆரியா, யிகுன் என்று எதை எடுத்தாலும் எடை 175 கிராம், குறுக்களவு சுமார் 27 சென்டிமீட்டர். தராசில் ஒன்றுதான், கையில் ஒன்றில்லை. விளிம்பின் தடிமன், உட்சுவரின் வளைவு, மேற்பரப்பின் குவிவு, பிளாஸ்டிக்கின் இறுக்கம், இவற்றில் ஏதாவது ஒன்று கொஞ்சம் மாறினாலும் விரல்களுக்குத் தெரிந்துவிடும். மேலே இருக்கிற வட்ட வரிகள்கூட அழகுக்கு வைத்தவை இல்லை. பறப்பை நிலைப்படுத்த என்று சொல்லி ஃபிரிஸ்பீ தயாரித்த வாம்-ஓ கம்பெனியின் எட் ஹெட்ரிக் 1967இல் காப்புரிமை வாங்கிய விஷயம் அது.

ஒரு போட்டியில் ஸ்கோர் 13-13. எங்கள் ஆள் தன்னைத் தடுத்துக்கொண்டிருந்தவரைக் கழற்றிவிட்டு, டிஸ்கைப் பிடித்தால் புள்ளி கிடைக்கும் கடைசிப் பகுதியான எண்ட்ஸோனை நோக்கி ஓடுகிறார், நான் ஃபோர்ஹேண்டில், அதாவது உள்ளங்கை முன்னால் பார்க்கச் சுண்டி, நீளமாக விட்டேன், பயிற்சியில் கணக்கில்லாமல் விட்ட த்ரோ அது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வழக்கமான இடத்தில்தான் இருந்தன, ஆனால் அந்த டிஸ்கின் உள்விளிம்பு நான் பழகியதைவிட வழுவழுப்பு, ஆழமும் குறைவு. நடுவிரல் இம்மி முன்னாடியே நழுவிவிட்டது. டிஸ்க் மூக்கை, அதாவது முன்விளிம்பை, தூக்கிக்கொண்டு மேலே போய், அப்படியே நின்று, நேராக எதிரணிக்காரர் கையில் இறங்கியது. அன்று டிஸ்கைத்தான் திட்டினேன். தப்பு டிஸ்கில் இல்லை, வார்ம்-அப்பில் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் நான் களத்தில் இறங்கியதுதான்.

இதற்குக் காரணம் இருக்கிறது. காற்று தரும் தூக்குவிசை டிஸ்கின் நட்டநடுவில் விழுவதில்லை, வேகத்தைப் பொறுத்து அது தாங்கும் இடம் முன்னும் பின்னும் நகரும். சுழலும் தட்டு என்பதால் அந்தத் தள்ளல் பக்கவாட்டுச் சாய்வாக மாறிவிடுகிறது. வலக்கைக்காரர் பேக்ஹேண்டை, அதாவது உடம்புக்குக் குறுக்கே கையைக் கொண்டுவந்து விடும் த்ரோவை, ரொம்ப வேகமாக விட்டால் வலப்பக்கம் கவிழும், வேகம் குறைந்ததும் இடப்பக்கம் இறங்கும். எவ்வளவு கவிழும், எப்போது இறங்கும் என்பது விளிம்பையும் குவிவையும் பொறுத்தது. ஒரே கம்பெனியிலேயே அடிபட்டுத் தேய்ந்த டிஸ்க் புதியதைவிடச் சீக்கிரம் கவிழும், குளிரில் பிளாஸ்டிக் விறைத்துப்போகும்.

அதனால் புது டிஸ்க் கைக்கு வந்ததும் முழு பலத்தில் விடாதீர்கள். முதலில் உள்விளிம்பைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். அப்புறம் பாதி பலத்தில் தட்டையாக விட்டு, கடைசியில் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று கவனியுங்கள். சீக்கிரம் கவிழ்ந்தால், உடம்பிலிருந்து விலகியிருக்கும் விளிம்பைக் கொஞ்சம் தாழ்த்தி விட வேண்டும். மிதந்துகொண்டே இருந்தால் மூக்கை இறக்க வேண்டும். மணிக்கட்டைச் சுண்டும் விதம் மட்டும் மாறக் கூடாது. நான் பார்த்தவரை எல்லாரும் கோட்டைவிடுவது இங்கேதான்: நழுவுமோ என்று பயந்து இறுக்கிப் பிடிக்கிறார்கள், மணிக்கட்டு கட்டிப்போகிறது, சுழற்சி குறைகிறது, அப்புறம் எந்த டிஸ்கும் தள்ளாடத்தான் செய்யும்.

புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் முதல் சில மாதங்கள் ஒரே டிஸ்கில் பழகட்டும். மற்றவர்கள் பையில் குறைந்தது இரண்டு கம்பெனி டிஸ்காவது இருக்க வேண்டும்.

எல்லாப் போட்டிக்கும் ஒரே டிஸ்க் என்று விதி போடுங்கள் என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு கேப்டன்களும் ஒத்துக்கொண்டால் எந்த டிஸ்கிலும் ஆடலாம் என்றுதான் உலகக் கூட்டமைப்பின் விதி சொல்கிறது. நடுவர் இல்லாமல் ஆடுகிறவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளும் ஆட்டத்துக்கு அதுதான் சரி. ஆனால் டிஸ்க் என்னவென்றே தெரியாமல் கேப்டன் எதை ஒத்துக்கொள்வது? போட்டி நடத்துகிறவர்கள் ஆட்ட அட்டவணையை அனுப்பும்போதே டிஸ்க் எந்த கம்பெனி, என்ன மாடல் என்று ஒரு வரி சேர்த்துவிடட்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் அதே டிஸ்க் இரண்டை, கால் மணி நேரமாவது, இரண்டு அணிகளிடமும் கொடுத்து வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஓர் அல்டிமேட் ஆட்டக்காரர்