மான்ட்கோமரியின் 25 ஏக்கர் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளைநிலங்கள் மனைகளாவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்து மான்ட்கோமரி கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) ‘விவசாயி தன் நிலத்தில் வீடு கட்டும் உரிமையை மட்டும் தனியாகப் பிரித்து விற்கலாம்’ என்ற ஒரே ஏற்பாட்டால் 93,000 ஏக்கரைக் காப்பாற்றியதாகச் சொல்கிறது. பரப்பளவு சரி, காரணம் தவறு. அதை நம்பி இங்கே யாராவது விதி எழுதினால் பாதிக் கிணறு தாண்டிய கதையாகிவிடும்.

வாஷிங்டனை ஒட்டிய கவுண்டி அது. 1970களில் அதன் கிராமப்புறத்தில் ஐந்து ஏக்கருக்கு ஒரு வீடு என்று வரம்பு போட்டார்கள். கறாரான விதியாகத்தான் தெரியும். ஆனால் ஐந்து ஏக்கரில் சோளமோ சோயாவோ போட்டு ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. வசதியுள்ளவர் பங்களா கட்டிக்கொள்ளவோ அது தோதான அளவு. பண்ணைகள் துண்டு துண்டாயின. 1980இல் தனித் திட்டம் தீட்டி, அடுத்த ஆண்டு, எங்கே என்ன கட்டலாம் என்று வரையறுக்கும் மண்டல வரைபடத்தை மாற்றி, 25 ஏக்கருக்கு ஒரு வீடு என்று இறுக்கினார்கள். நிலத்தைக் காத்தது இந்த எண். உரிமை விற்பனை, இதனால் நில மதிப்பை இழந்த விவசாயிக்குக் கொடுத்த ஈடு.

ஈட்டைப் பழைய வரம்பின்படியே, ஐந்து ஏக்கருக்கு ஓர் உரிமை என்று கணக்கிட்டார்கள். 100 ஏக்கர் பண்ணைக்கு 20 உரிமைகள். புதிய வரம்புப்படி அங்கேயே நான்கு வீடு கட்டலாம் என்பதால் வீட்டுக்கு ஒன்றாக நான்கை நிறுத்திக்கொண்டு 16ஐ விற்கலாம். விற்றதும் நிலப் பதிவேட்டில் நிரந்தரக் கட்டுப்பாட்டுப் பத்திரம் ஏறிவிடும். நிலம் யார் கைக்குப் போனாலும் அது கூடவே போகும். இப்படிக் கட்டுப்பட்ட நிலம் 50,000 ஏக்கருக்கு மேல்.

வாங்குகிறவர்கள் நகர்ப்பகுதியில் வீடு கட்டும் நிறுவனத்தார். குறிப்பிட்ட சில இடங்களில் வழக்கமான வரம்பைத் தாண்டி வீடுகள் கட்ட அவர்கள் உரிமை வாங்கி வர வேண்டும். சிக்கல் எல்லாம் இந்த முனையில்தான். உரிமை போய் இறங்க இடம் இல்லையென்றால் அதற்கு விலை இல்லை. இடம் குறித்தாலோ, சாலையும் பள்ளியும் தாங்காது என்று அங்கே குடியிருப்பவர்கள் எதிர்க்கிறார்கள். வழக்கும் வந்தது. கூடுதல் அடர்த்தியை, வளர்ச்சிக்கு வழிகாட்டும் பெருந்திட்டத்தில் குறித்தால் போதாது, மண்டல விதியிலேயே வர வேண்டும் என்று மாநிலத்தின் தலைமை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1987இல் சொல்ல, கவுண்டி மன்றம் விதியைத் திருத்த வேண்டியதாயிற்று.

கட்டுரை தொடாத இன்னொரு விஷயம் கழிவுநீர்க் குழாய். காப்பு நிலத்துக்குள் பொதுக் குழாய் வராது. வீடு கட்டுகிறவர், மண் எவ்வளவு வேகமாக நீரை உறிஞ்சுகிறது என்று சோதித்துக் காட்டிய பிறகே செப்டிக் டேங்க் அமைக்கலாம். இறுகிய களிமண்ணில் சோதனை தேறாது, வீடும் எழும்பாது. மணல் மேடு போட்டு அதன் வழியே கழிவுநீரை வடியவிடும் முறை வந்ததும் தேறாத மண்ணிலும் கட்ட வழி பிறந்தது. அதைப் பற்றிய சச்சரவு பல ஆண்டுகள் ஓடியது. பெரிய தேவாலயம் போன்ற நிறுவனங்களுக்குக் குழாய் நீட்டித் தரும் சலுகையையும் இந்த மண்டலத்தில் 2005இல் மன்றம் நிறுத்தியது. குழாய் போன இடத்துக்கு மனை தானாகவே பின்னால் வரும் என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

இந்த முறையைக் காவிரி டெல்டாவுக்குக் கொண்டுவரலாம் என்கிறார் கட்டுரையாளர். தேவை இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயு ஆய்வு போன்ற தொழில்களைத்தான் தடுக்கிறது. மனைப்பிரிவு அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் மான்ட்கோமரி எண்களை அப்படியே எடுக்கக் கூடாது. ஐந்து ஏக்கருக்கு ஓர் உரிமை என்றால், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் நம் விவசாயிக்கு எதுவுமே கிடைக்காது. இங்கே சென்ட் கணக்கில்தான் தொடங்க வேண்டும். உரிமை இறங்கும் இடம் தஞ்சாவூரா, திருச்சியா, அங்கே தளப்பரப்புக் குறியீட்டை (மனையின் பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, எஃப்.எஸ்.ஐ.) எவ்வளவு உயர்த்துவது என்பதையும் வயலுக்கு வரம்பு போடும் அதே ஆணையில் அறிவிக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உரிமையை வாங்க ஆள் வர மாட்டார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்