நாடக சேர் எழுதிவைத்த கொப்பிகள்

ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு இதழில் எங்கள் நாடக ஆசிரியரின் மறைவுச் செய்தியைப் பார்த்தேன். "சிறந்த மேடை நடிகர்" என்று போட்டிருந்தீர்கள். சரிதான். ஆனால் அவரிடம் படித்த எங்களுக்கு அந்த ஒரு வரி போதவில்லை. பெயரை நீங்கள் அச்சிட்டுவிட்டீர்கள். எங்களுக்கு அவர் எப்போதும் 'நாடக சேர்'தான், அப்படியே எழுதுகிறேன்.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டுக் கிளம்பி, அடுத்த வருடம் கிளாலிக் கடலேரி தாண்டி வன்னிக்கு வந்தவர். 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கத்திடம் பாடம் கேட்டவர். எங்கள் பாடசாலையோ அப்போது ஒரு மரத்தடியும் இரண்டு கிடுகுக் கொட்டிலும். மேடை ஏது? சேர் எங்களைக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போவார். ஒரு முனையில் எங்களை நிறுத்திவிட்டு, தூரத்தில் போய் நின்று, கேட்கவில்லை என்று கையை அசைப்பார். கத்தினாலும் விடமாட்டார். "கத்தாதை பிள்ளை, எனக்குச் சொல்லு" என்பார். அவருக்குச் சொல்லப் பழக எனக்கு ஒரு தவணை முழுக்க எடுத்தது.

மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடான காலம். சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்டோம். பெற்றோமாக்ஸ் கொளுத்தி நாடகம் போட முடியுமா? சேர் நாடகத்தைப் பின்னேரம் ஐந்தரைக்குத் தொடங்குவார். கடைசிக் காட்சி வரும்போது பொழுது பட்டுவிடும். மகனைத் தேடும் தாயாக நான் நின்றேன். எதிரே இருப்பவர்களின் முகம் தெரியாமல் போகிற நேரத்தில்தான் என் கடைசி வசனம். ஒத்திகையில் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து அவர் ஏன் வசனங்களை வெட்டினார் என்பது அன்றுதான் விளங்கியது.

படித்த நாடகக்காரர் என்ற எண்ணம் அவரிடம் இருக்கவில்லை. முல்லைமோடி என்று சொல்லப்படும், முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தை முதன்முதலாக விடிய விடியப் பார்த்த மறுநாளே, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் வீட்டு வாசலில் போய் நின்றாராம். அண்ணாவியார் கொடுத்தது, அரசன் வரவை அறிவிக்கும் கட்டியகாரன் வேடம். மூன்று வருடம் அதையே ஆடினார். கூத்துப் பழகும் இரவுகளில் எங்களையும் கூட்டிப்போய், கூத்தாடும் களரியின் ஓரத்தில் இருத்துவார். பாத்திரம் களரிக்கு வரும்போது பாடும் வரவுப் பாட்டுக்கும் காலடிக்கும் உள்ள பொருத்தத்தை நாங்கள் அங்கேதான் கண்டோம். இன்று உயர்தரத்தில் 'நாடகமும் அரங்கியலும்' எடுக்கும் பிள்ளைகள் பலர் குறிப்புகளைப் பாடமாக்கிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுக்குதில்லை. ஒரு கூத்தையாவது முழு இரவு பார்க்காமல் கூத்தைப் பற்றி எப்படி எழுதுவது?

2009இல், யுத்தத்தில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த வவுனியா மெனிக் பாம் முகாமில் அவரைத் திரும்பக் கண்டேன். மெலிந்துபோயிருந்தார். தறப்பாள் கொட்டில்களுக்கு இடையில் சின்னப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு குரங்கு நாடகம் பழக்கிக்கொண்டிருந்தார். கிழட்டுக் குரங்கு அவரேதான். தண்ணீருக்குக் கலன் பிடித்து வரிசையில் நின்ற தாய்மார் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கேட்டேன்.

இப்போது இந்தக் கடிதத்தின் காரணத்துக்கு வருகிறேன். அந்த யுத்தத்தில் எத்தனையோ வீடுகளில் கூத்து ஏடுகளும் உடுப்புகளும் அழிந்துபோயின. மீள்குடியேறிய பிறகு சேர் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், உயிரோடிருந்த அண்ணாவிமாரைப் பாடச் சொல்லி, பாடசாலைக் கொப்பிகளில் எழுதினார். மறந்த இடத்தில் வெற்றுக் கோடு விட்டு, இன்னொருவரிடம் கேட்டு நிரப்புவார். அந்தக் கொப்பிகள் இன்று பழைய மாணவர்கள் பலரின் வீடுகளில் பிரிந்து கிடக்கின்றன. உங்கள் பத்திரிகை ஓர் அறிவித்தல் போட்டால் அவற்றை ஓரிடத்தில் சேர்க்கலாம். பழைய நூல்களையும் ஏடுகளையும் மின்வடிவில் காக்கும் நூலகம் நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். பாடல்களின் மெட்டுத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், ஆனால் எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களைப் பாடவைத்துப் பதிவுசெய்யும் வேலையை மாணவர்கள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

என்னிடம் இரண்டு கொப்பிகள் இருக்கின்றன. நானே கொண்டுவந்து தருகிறேன். ஒன்றில் மழை பட்டு ஓரமெல்லாம் மை கரைந்திருக்கிறது, அதை முதலில் படம் பிடிக்க வேண்டும்.

பழைய மாணவி ஒருத்தி,
முள்ளியவளை